நடக்க உதவிய பால்மரம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமய, சமூகச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)



கோலகங்சாரில் முதிய பால்மரம் ஒன்று நிற்கிறது. பேராவில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக விளங்கிய ஹியூ லோ 1877-ஆம் ஆண்டு காலத்தில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டு வளர்த்த கன்றுகளுள் எஞ்சியது என்று அதனைக் காட்டுவர். அவ்வினத்து மரங்களை நம்பித்தான் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறி இம்மண்ணுக்கு வந்தன. சுங்கை சிப்புட் தொடங்கி பீடோர், தெலுக் இந்தான் வரையில் விடியுமுன் எழுந்து, நிரை பிடித்து, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, அதனைக் கொண்டே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினர். அப்பால் உறைந்து, தகடாகி, கடல் கடந்து சென்று, உலகத்து வண்டிகளுக்கெல்லாம் டயராயிற்று என்பது யாவரும் அறிந்ததே. அதே ரப்பர் ஓரிடத்தில் மனிதனுக்குப் பாதமாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. இன்றைய உரை அந்தப் பாதத்தைப் பற்றியும், நடக்க இயலாத குழந்தைகளைத் தேடிச் செல்லும் தொண்டர்களைப் பற்றியும் அமைகிறது.

ராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனை என்னும் அரசு மருத்துவமனை உண்டு. 1960-களில் அங்கே எலும்பு அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி. கால் இழந்தோருக்கு அந்நாளில் மேலைநாட்டு முறையில் அமைந்த செயற்கைக் காலே பொருத்தப்பட்டது. அதில் கணுக்கால் அசையாது; பாதப் பகுதி காலணிக்குள் மறைந்திருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, வீட்டுக்குள்ளும் காலணியோடு நடமாடும் மக்களுக்கு அது போதுமானது. சேத்தியை நாடி வந்தவர்களோ உழவர்கள், கூலி வேலை செய்வோர். அவர்கள் சேற்றில் இறங்க வேண்டும். குந்தி உட்கார வேண்டும். சம்மணமிட்டு உண்ண வேண்டும். கோயில் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பாதமே இல்லை என்ற நிலை. ஆகவே, கொடுத்த காலை மூலையில் சாத்திவிட்டுப் பலரும் கக்கத்தில் இடுக்கும் ஊன்றுகோலுக்கே திரும்பினர். தவறு நோயாளியிடம் இல்லை, காலிடம்தான் இருக்கிறது என்று உணர்ந்ததே சேத்தியின் பெருமை.

அம்மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வந்த ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர் பள்ளிப் படிப்பு மிகுதியாகப் பெற்றவர் அல்லர். சிலை செய்யும் கை அவருடையது. சைக்கிள் சக்கரம் காற்றிழந்ததால் வழியில் நின்றவர், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையைக் கண்டு, அதே முறையில் பாதம் செய்யலாமே என்று எண்ணினார் எனச் சொல்வர். கதை எவ்வாறாயினும், 1968, 1969-ஆம் ஆண்டுகளில் மருத்துவரும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கிய பாதம் உலகப் புகழ் பெற்றது. குதிகாலிலும் முன்பாதத்திலும் மெத்தென்ற பஞ்சு ரப்பர், கணுக்காலில் மரத்துண்டு, இவற்றைச் சுற்றி டயருக்குள் இருக்கும் நூலிழை, மேலே தோல் நிறத்தில் ரப்பர். இவற்றை அச்சுக்குள் அடைத்துச் சூடேற்றினால் யாவும் ஒன்றாக இறுகிவிடும். ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூட்டினால் உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த அதே வழிமுறைதான்.

இந்தப் பாதம் எப்பக்கமும் வளைந்து கொடுத்தது. நீரில் நனைந்தாலும் கெடவில்லை. காலணி இன்றியே நடக்கலாம்; குந்தலாம்; சம்மணமிடலாம். கோயிலுக்குள் மற்றவர் போலவே வெறும் பாதத்தோடு செல்லலாம். அதற்கு மேற்பட்ட கால் பகுதியை முதலில் அலுமினியத் தகட்டால் செய்தனர். பின்னர், வயலுக்கு நீர் கொண்டு செல்லும் பிளாஸ்டிக் குழாயைச் சூடேற்றி, நோயாளியின் கால் அளவுக்கு எடுத்த அச்சின்மேல் இழுத்துச் செய்யலாயினர். சேத்தி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. யாரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1981-இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. பட்டறையில் உழைத்த சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாதம் பிறந்துவிட்டது, ஆனால் அது மக்களைச் சென்றடையவில்லை. 1968 முதல் 1975 வரை ஜெய்ப்பூரில் இக்கால் பெற்றவர்கள் அறுபதுக்கும் குறைவானோரே. காரணம் ரப்பரும் அல்ல, பணமும் அல்ல. தொலைதூரக் கிராமத்திலிருந்து வரும் ஏழைக்குத் தங்க இடமில்லை, உண்ண வழியில்லை. அளவெடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள் என்று பலமுறை அலைய வேண்டியிருந்தது. 1969-இல் சாலை விபத்தில் சிக்கிக் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்ட டி. ஆர். மேத்தா என்னும் அரசு அதிகாரி, 1975-இல் பகவான் மகாவீர் விகலாங்க சகாயத சமிதி என்னும் அமைப்பைத் தொடங்கினார். வந்தவரை எந்த நேரத்திலும் பதிவு செய்துகொள்வது, உடன்வந்தவருக்கும் உணவும் படுக்கையும் அளிப்பது, கால் பொருத்தி நடக்கவைத்தே திருப்பி அனுப்புவது, ஒரு காசும் வாங்காதிருப்பது என்பவை அதன் விதிகள். அதன்பிறகே எண்ணிக்கை ஆயிரங்களாகவும் இலட்சங்களாகவும் பெருகியது. அங்கே பணிபுரிவோரில் செயற்கைக் காலோடு நடப்பவர் பலர் உண்டு. புதிதாக வரும் நோயாளிக்கு அவர்களைக் காண்பதே பாதி மருந்து.

நடனமணி சுதா சந்திரனின் கதையைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. 1981-இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்க் காலோடு மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். அவர் வாழ்வைத் தழுவி எடுத்த ‘மயூரி’ திரைப்படத்தில் அவரே நடித்தார். தமிழில் வழங்கும் ‘பொய்க்கால்’ என்னும் சொல்லைப் பார்க்கும்போது, அந்தக் காலில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியவருக்குக் கால் செய்வது ஒன்று. குழந்தைக்குச் செய்வது வேறு. குழந்தை வளர்கிறது. இன்று அளவெடுத்துச் செய்த கால் அடுத்த ஆண்டே குட்டையாகி, இறுகி, புண்ணாக்கும். வெட்டுண்ட எலும்பின் முனை குழந்தைகளுக்குத் தொடர்ந்து வளர்ந்து தோலைக் குத்துவதும் உண்டு. சில வேளைகளில் மீண்டும் அறுவை செய்ய நேரிடும். சிறு வயதில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறையும், பின்னர் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கால் மாற்றப்பட வேண்டும். ஐந்து வயதில் கால் பெற்ற பிள்ளை பதினெட்டு வயதை எட்டுவதற்குள் எத்தனை கால்களைக் கடந்து வரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டுத் தொண்டர் குழுக்கள் ஏழை நாடுகளுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் சென்று முகாம் நடத்துவது சிறந்த பணியே. ஆயினும், பதாகை கட்டி, படம் எடுத்து, நூறு கால்களைப் பொருத்திவிட்டு விமானம் ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு வார் அறுந்தால் யார் தைப்பது? இக்கேள்விக்கு விடை கண்ட குழுக்களே நிலைத்தன. அவை மருத்துவரோடு ஆசிரியரையும் அனுப்பின. கம்போடியாவில் 1994-இல் நோம்பென் நகரில் செயற்கை உறுப்பு செய்யக் கற்பிக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. இலங்கையில் 2004-இல் ராகமையில் அத்தகைய பள்ளி உருவாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1987-இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம், குண்டும் கண்ணிவெடியும் உயிர்களையும் உறுப்புகளையும் பறித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இயங்கி வந்தது. அங்கே கால் செய்தவர்கள் அவ்வூர்த் தமிழர்கள். போர் நடந்த நாளிலும் முடிந்த நாளிலும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். வளரும் குழந்தைக்கு வேண்டியது அதுதான்.

கால் இழந்த குழந்தைகளைவிட, கால் இருந்தும் நடக்க இயலாத குழந்தைகளே எங்கும் மிகுதி. பிறவியிலேயே பாதம் உட்புறமாக வளைந்திருக்கும் குழந்தைக்கு, ஸ்பெயின் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செத்தி என்னும் மருத்துவர் வகுத்த முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிக் கட்டி, ஐந்தாறு வாரங்களில் பாதத்தை நேராக்கிவிடலாம். பெரிய அறுவை தேவையில்லை. ஆனால் அதன்பின் நான்கு வயது வரையில் இரவுதோறும் தாங்கி அணிவிக்க வேண்டும். அழுகிறதே என்று தாய் இரக்கப்பட்டு அதைக் கழற்றிவிட்டால் பாதம் மீண்டும் வளையும். இங்கே மருத்துவரின் கையைவிடத் தாயின் கையே பெரிது.

மூளை முடக்குவாதம் என்பது இன்னும் கடினமானது. கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு தடைப்படுவது இது. ஆயிரம் குழந்தைகளில் இருவர் அல்லது மூவருக்கு இது உண்டு என்பர். மூளைக்கு நேர்ந்த பாதிப்பை மாற்ற மருந்தில்லை. ஆனால் அதன் விளைவுகளைத் தடுக்கலாம். பயிற்சியின்றி விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கும், இடுப்பெலும்பு நழுவும். படுக்கவைத்தே பால் புகட்டினால் அது மூச்சுக் குழலுக்குள் சென்று நுரையீரலைக் கெடுக்கும். நிமிர்த்தி அமர்த்தி ஊட்டினால் அத்தீங்கைப் பெரிதும் குறைக்கலாம். முதுகுக்கும் இடுப்புக்கும் பொருந்திய ஒரு நாற்காலியைத் தச்சரே செய்து தரலாம். இவை எவையும் பெரிய மருத்துவமனையில் மட்டுமே நடப்பவை அல்ல. வீட்டுத் தரையில் பாய் விரித்து நடப்பவை. ஆனால் யாரேனும் ஒருவர் வந்து, தாய்க்குக் காட்டித்தர வேண்டும்.

அப்படிக் காட்டித்தரும் பணிக்குத் தமிழகத்தில் ஒரு சிறந்த சான்று உண்டு. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் இறுதியாண்டு மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஐந்து குழந்தைகளோடு கீற்றுக் கொட்டகையில் அது தொடங்கியது. தசைநலிவு நோயால் சக்கர நாற்காலியில் அமர்ந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். கனடா நாட்டிலிருந்து மருத்துவர்களும் சிகிச்சையாளர்களும் தொண்டர்களாக வந்து உதவுகின்றனர். ஆயினும் அச்சங்கத்தின் தூண்கள் அவ்வட்டாரத்துக் கிராமப் பெண்களே. குழந்தையின் தலை நிற்கிறதா, உட்காருகிறதா, கை நீட்டுகிறதா என்று பார்க்க அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் வீடு வீடாகச் சென்று, கைப்பேசியில் உள்ள செயலியில் குறிப்பெழுத, தொலைவில் இருக்கும் சிகிச்சையாளர் அதனைக் கண்டு அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலூரிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1954-இல் விபத்தில் தண்டுவடம் சேதமுற்று, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பயன். மேத்தா, ராமகிருஷ்ணன், மேரி வர்கீஸ் ஆகிய மூவரும் தாமே விழுந்து எழுந்தவர்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இனி, பேராக் மாநிலத்துக்கு வருவோர் காண்பது என்ன? தோட்டங்கள் முழுமையாக இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் இருந்தார். நடக்காத பிள்ளைக்கு அவரிடமும் மருந்து இல்லை என்றாலும், லயத்தில் பத்துக் கைகள் இருந்தன. தாய் பால்வெட்டுக்குப் போனால் அண்டை வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டார். பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறின. தோட்டத்தோடு அந்தப் பத்துக் கைகளும் போயின. நான்காம் மாடி அடுக்ககத்தில், படுத்த பிள்ளையோடு ஒரு தாய் தனியே இருக்கிறாள்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் உடலியக்கச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்து ஏறும் தாய், அதே பிள்ளை பத்து வயதை எட்டும்போது சுமக்க இயலாமல் நின்றுவிடுகிறாள். உடன்போகும் தந்தைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இவ்வாறு தவறும் சிகிச்சைக்குக் கவனக்குறைவு என்று பெயரிடுவது நேர்மையன்று. ஜெய்ப்பூரில் 1975 வரை நடந்ததும் இதுவே.

இதனை உணர்ந்து, ஈப்போவிலுள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா அறவாரியம் சிகிச்சையாளர்களை வண்டியில் ஏற்றி உட்புறங்களுக்கு அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. குழந்தை சிகிச்சையைத் தேடி வருவதற்கு மாறாகச் சிகிச்சை குழந்தையைத் தேடிச் செல்கிறது. சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் பி.டி.கே. எனப்படும் சமூகம்சார் மறுவாழ்வு நிலையங்களும் உள்ளன. 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய இம்முயற்சி, இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட நிலையங்களாக விரிந்துள்ளது. 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், பொது இடங்களில் நுழையவும் கல்வி பெறவும் அவர்களுக்குள்ள உரிமையைச் சொல்கிறது. அவ்வுதவிகளைப் பெற முதலில் ஓ.கே.யூ. அட்டை வேண்டும், அட்டைக்குக் குடியுரிமை ஆவணம் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பதிவு தவறி, தாய்க்கே அடையாள அட்டை இல்லாத குடும்பங்களின் துயரம் மலேசியத் தமிழர் அறியாததன்று. அத்தகைய வீட்டில் பிறந்த உடற்பேறு குறைந்த குழந்தை இருமுறை மறைந்துபோகிறது: ஒருமுறை அறைக்குள், மறுமுறை ஏட்டுக்குள்.

அறைக்குள் மறைப்பது ஏன்? ‘முற்பிறப்பின் வினை’ என்று உறவினர் சொல்லும் சொல்லுக்கு அஞ்சித்தான். திருமணப் பேச்சின்போது அக்காளுக்கு வரன் தவறிவிடும் என்றும் அஞ்சுகின்றனர். வினைக் கொள்கை சைவத்தில் உண்டு என்பது உண்மை. ஆயின் அக்கொள்கை தன் வாழ்வைத் தான் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு அருளப்பட்டதேயன்றி, அடுத்த வீட்டுக் குழந்தையை நோக்கி வீசுவதற்கு அன்று. பெரியபுராணத்தில் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறுகியதைக் கேட்டு, அதனைத் தாமே தோண்ட முற்பட்டார். குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவி நடந்து மண் சுமந்தார். எள்ளியவர்களும் இருந்தனர். இறைவன் அவருக்குப் பார்வை அருளியதையே பலரும் சொல்லி முடிப்பர். அதற்கு முன்னரே அவர் கயிறு கட்டிவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. அருள் வரட்டும் என்று கரையில் அமர்ந்திருக்கவில்லை. அவர் திருமேனி அறுபத்து மூவர் வரிசையில் ஆலயத்துக்குள்ளேயே நிற்கிறது.

ஆலயங்களோ பெரும்பாலும் படிகளால் ஆனவை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை வாசலோடு நின்றுவிடுகிறது. நான்கு பேர் தூக்கினால்தான் உள்ளே வர முடிகிறது. சரிவுப் பாதை அமைப்பது பெருஞ்செலவு அன்று. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக அமைத்தால் தள்ளுபவரும் தடுமாறுவார். சக்கரம் தெருவில் உருண்டதுதானே என்று தயங்குவோர், வாசலில் ஒரு வாளி நீரும் துணியும் வைத்துத் துடைத்துவிடலாம். கால்தாங்கியும் செயற்கைக் காலும் காலணி அல்ல. அவை அவர் உடலின் பகுதி. கழற்றச் சொல்லாதிருக்க வேண்டும் என்பதை வாசலில் நிற்கும் தொண்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நிர்வாகத்தின் கடமை.

நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் ஓர் ஊருக்கு வரும்போது அவர்களுக்கு வேண்டியவை சொற்பம். மேடுபள்ளமற்ற தரை, நாலைந்து பாய்கள், குழந்தை பிடித்து நடக்க இடுப்பளவு உயரத்தில் இரண்டு இணைக்கம்பிகள், அருகில் கழிவறை, தாய்மார்களுக்குத் தேநீர். வண்டி வைத்திருக்கும் இளைஞர் இருவர் முன்வந்தால், பேருந்து ஏற இயலாத மூன்று நான்கு பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வரலாம். பிறப்புப் பத்திரம் இல்லாத குடும்பத்தோடு பதிவிலாகாவுக்குச் சென்று வரிசையில் நிற்க, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் அவர்.

ஆலயத் திருமண மண்டபம் சனி, ஞாயிறு தவிர்த்த நாள்களில் பூட்டியே கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்து, பதினொரு மணிக்கு மூடினால் போதும். சாவியை யார் வைத்திருப்பது என்பதை நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம்.